பாதிச் சுற்று போதும்

ஸ்டியரிங்கைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லாத டிரைவர் திண்டுக்கல்லில் பாக்கி இல்லை. லாரி டிரைவர் சொல்லியாயிற்று, டூரிஸ்ட் கார் டிரைவர் சொல்லியாயிற்று, வாழ்நாளில் ஸ்டியரிங்கே பிடிக்காத ஆட்டோ டிரைவரும் சொல்லியாயிற்று. "அது எலெக்ட்ரானிக் ஸ்டியரிங் டீச்சர், நமக்கு ஆகாது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் இருபத்தாறு வருடமாக விகிதமும் விகித சமமும் நடத்துகிற கணக்கு டீச்சர். எனக்கு ஆகுமா ஆகாதா என்பதை நான் சொல்லிக்கொள்கிறேன். உங்களை யாரும் கேட்கவில்லை.

என் கையில் இருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும். எனக்கு வேலை குஜிலியம்பாறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில். வீடு திண்டுக்கல் டவுனில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் படியில் ஒரு கால் வைத்ததும் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். வலது தோள் உடைந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேலே எழும்பாது. சாப்பிடலாம், எழுதலாம். தலை பின்ன முடியாது. கரும்பலகையின் கீழ்ப் பாதியில் நான் எழுதுவேன், மேல் பாதியில் பிள்ளைகள் வந்து எழுதுவார்கள். அவர்களுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம், எனக்கும் நஷ்டமில்லை.

பஸ்தான் பிரச்சினை. மேல் கம்பியைப் பிடிக்க முடியாதவளுக்குக் கூட்ட பஸ்ஸில் வேலை இல்லை. இடது கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் யார் மேலாவது போய் விழுந்து, "ஏம்மா, பாத்து நிக்கக்கூடாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுசர்தான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டூ வீலரின் பின்னால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக என் தோள் தாங்காது. ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை வாங்கி, தன் முத்து முத்தான கையெழுத்தில் முழுக்க நிரப்பி, டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. எனக்கு இன்னும் எட்டு வருட சர்வீஸ் மிச்சம் இருக்கிறது. "எதுக்கு இந்தக் கையை வச்சுக்கிட்டு அல்லாடணும்? வீட்ல இரு" என்றார். அந்த "வீட்ல இரு" என்ற இரண்டு வார்த்தை எனக்குப் படியில் இருந்து விழுந்ததைவிட அதிகமாக வலித்தது.

கார் ஓட்டிப் போகலாம் என்று எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று கேட்கலாம். தோன்றியது. முப்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, பீரோவில் பத்திரமாக வைத்து, தவறாமல் புதுப்பித்து வந்த பெண்கள் கூட்டத்தில் நானும் ஒருத்தி. தோள் ஆறியதும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். சாதாரணக் கார். வளைவில் ஸ்டியரிங்கை ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். ஒரு கை தள்ள, இன்னொரு கை மேலே ஏறி வாங்க வேண்டும். என் வலது கை மேலே ஏறாது. ஏறாத கைக்காக நான் உடம்பையே சாய்க்க, வண்டி ஒருபக்கம் போக, நான் ஒருபக்கம் போக, சொல்லிக் கொடுத்தவர் நாலாம் நாள் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "டீச்சர், உங்களுக்கு வராது" என்றார். பிள்ளைகளிடம் நான் இதுவரை சொல்லாத வார்த்தை அது.

வழி சொன்னது என்னோடு வேலை பார்க்கும் சயின்ஸ் டீச்சர். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் வியாபாரம். கழுத்துவலிக்காரர். அதற்காகவே வெளிநாட்டுக் கம்பெனியின் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியதால் அதைக் கொடுத்துவிட நினைத்தார். முதல் தடவை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோல் காயப் போடுகிற பெரிய காலி இடத்தில் வண்டியை ஒரு வட்டம் அடித்தார். அவர் கை ஸ்டியரிங்கில் வைத்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. மணிக்கட்டைச் சாய்த்தார், வண்டி திரும்பிவிட்டது.

"இது என்ன மாயம் பாய்?" என்றேன்.

"மாயமெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சரம்மா. உள்ள ஒரு மோட்டார் இருக்கு. மெதுவாப் போறப்ப நீங்க கொஞ்சம் திருப்புனா, அது சக்கரத்தை நிறையத் திருப்பிவிடும். வேகமாப் போறப்ப நீங்க நிறையத் திருப்புனாலும் கொஞ்சமாத்தான் திருப்பும். அம்புட்டுத்தான் விஷயம்."

அம்புட்டுத்தான் விஷயம். வேகத்துக்குத் தக்கபடி மாறுகிற விகிதம். வாழ்நாள் பூராவும் நான் நடத்திய பாடம் எனக்காக ஒரு சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் அதைப் பார்க்காத மாதிரி ஏசியைக் கூட்டினார்.

ஒரு மாதம் அதே இடத்தில், ஞாயிறு தவறாமல், தோல் வாடையை மூக்கில் ஏற்றிக்கொண்டு பழகினேன். எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, அவரை ஒரு சுற்று கூட்டிப் போய், ஓட்டத் தகுதி உண்டு என்று எழுதி வாங்கினேன். ஆர்டிஓ ஆபீசிலும் கையை மறைக்கவில்லை. ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். இந்த ஸ்டியரிங்கில் குறையே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதல் தடவை கரூர் ரோட்டில் ஏறி எண்பதைத் தொட்டபோது, காலி இடத்தில் திருப்புகிற அளவுக்கே திருப்பினேன். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. பிரேக்குக்குக் கால் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பாய், "வேகத்துல அது அப்படித்தான்ம்மா, பதறாதீங்க" என்றார். பிறகு பிடிபட்டது. ரோட்டின் மேடு பள்ளம் கைக்குச் சரியாகத் தெரியாது என்று டிரைவர்கள் சொல்வதும் உண்மைதான். எனக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன்.

பாயிடம் விலை பேசி வாங்கி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் வீட்டுக்காரர் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து ரயில்வே ஸ்டேஷன் வரை வந்தார். டிவிக்குப் பக்கத்தில் இருந்த விண்ணப்பத்தை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பக்கத்து ஊர் அகரத்தில் எங்கள் குலசாமி கோவிலில் வண்டிக்குப் பூஜை. நான்தான் ஓட்டிப் போனேன். பூசாரி பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், மாலை போட்டார், சூடம் காட்டினார், நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். நான் டிரைவர் சீட்டில் ஏறப் போனேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர், "இந்தா, பழத்தை மட்டும் தம்பி நசுக்கட்டும். அவன் கைராசிக்காரன்" என்றார்.

தம்பி என்றால் என் கொழுந்தன். அகரத்தில் இருந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். பதினெட்டு வருட சர்வீஸ். எங்கள் வகையறாவில் யார் எந்த வண்டி வாங்கினாலும் எலுமிச்சம்பழத்தின் மேல் முதலில் ஏற்றுவது அவன்தான். டிராக்டரில் இருந்து மாப்பிள்ளைகளின் பைக் வரைக்கும். அதை மறுத்துப் பேசினால் சாமி குத்தம் மாதிரி. நான் சாவியைக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். அது என் வண்டி, என் கைக்காக வந்த வண்டி. நான் ஓட்டித்தான் அங்கே வந்திருந்தேன். இருந்தும் கொடுத்தேன்.

பழம் நாலும் அழகாக நசுங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கோவிலுக்கு முன்னால் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமெண்டு மேடை. மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்துவது வழக்கம். கொழுந்தன், தன் லோடு வேனை ஒடிக்கிற மாதிரியே, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வாங்கி ஒரே இழுப்பாக ஒன்றரைச் சுற்று சுற்றினான். வேனுக்கு அது வேணும். இந்த வண்டிக்குப் பாதிச் சுற்றே அதிகம். மரத்தைச் சுற்ற வேண்டிய வண்டி வெடுக்கென்று திரும்பி மேடையிலேயே போய் இடித்தது. வலது பக்க ஹெட்லைட் உடைந்து, மாலை அறுந்து, மேடையின் ஒரு முனை பெயர்ந்தது. யாருக்கும் அடி இல்லை.

கொழுந்தன் இறங்கினான். முகமெல்லாம் வேர்வை. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பதினெட்டு வருட சர்வீஸ்காரன், கைராசிக்காரன், சாமி முன்னால் மேடையில் இடித்துவிட்டு நிற்கிறான். பாவமாகத்தான் இருந்தது, அவன் வாயைத் திறக்கும் வரை.

"நான் ஒண்ணும் பண்ணல மதினி. வண்டி தானாத் திரும்புது!"

முடிந்தது. தானாகத் திரும்புகிற வண்டி. ராசியில்லாத வண்டி. சாமிக்குப் பிடிக்காத வண்டி. ஐந்து நிமிடத்தில் என் காருக்கு மூன்று பட்டம். பூசாரி, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போட்டுப் பார்ப்போம், வெள்ளை வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

"வேண்டாம்" என்றேன். "சாமிக்கு எம்புட்டோ வேலை இருக்கு. ஸ்டியரிங் பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிடக்கூடாது."

கூட்டத்தில் அப்படி நான் பேசியதே இல்லை. பூசாரி விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் சாவி என் கைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் அதைத் தம்பி கையிலேயே விட்டு, "ஸ்டாண்டுல நாலு டிரைவர்ட்ட காட்டு. அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஒரு முடிவு பண்ணுவோம்" என்றார். கொழுந்தன் வண்டியைப் பயந்து பயந்து உருட்டிக்கொண்டு போனான். நான் என் வீட்டுக்காரரோடு டவுன் பஸ்ஸில், சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தேன். என் காருக்குப் பூஜை போட்ட அன்று. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் அந்த விண்ணப்பத்தைத் தூசி தட்டி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. காலை பத்து மணிக்குப் பூ மார்க்கெட் பக்கத்து வேன் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். லோடு இறக்கிவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கிற நேரம். என் கார் நடுவில் நின்றது. ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி நின்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"கைக்கு ரோடே தெரியலப்பா. இதுக்கு வீட்ல உக்காந்து வீடியோ கேம் ஆடலாம்" என்றார் நரைத்த மீசை வைத்த ஒருவர்.

"மோட்டார் நின்னுபோச்சுன்னா? நடு ரோட்டுல ஸ்டியரிங் இறுகிப்போகும்ல?" என்றான் ஒருவன்.

"இறுகாது. சாதா வண்டி மாதிரி ஆகிரும், அம்புட்டுதேன்" என்றார் ஓரமாக நின்ற ஒரு டிரைவர். "நான் மெட்ராஸ்ல ஒரு முதலாளிக்கு இந்த மாதிரி வண்டி ரெண்டு வருசம் ஓட்டிருக்கேன். பத்து நாள் கை பழகணும். பழகிட்டா விட மனசு வராது. ஆனா அதை ஓட்டிட்டு வந்து வேன்ல ஏறுனோம், மொத வளைவுலயே பள்ளத்துல இறங்கிருவோம்."

அந்த ஒரு மனிதர்தான் உண்மையைச் சொன்னார். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. மீசைக்காரர் என்னைப் பார்த்து, "டீச்சர், இம்புட்டு வருசம் ஓட்டுன எங்க கைக்கே அடங்கல. உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணே, உங்க எல்லாருக்கும் ரெண்டு கை இருக்கு. அதான் இத்தனை கருத்து இருக்கு. எனக்கு ஒண்ணரைக் கைதான். உங்க வண்டியெல்லாம் முழுக் கைக்காரனுக்குச் செஞ்சது. நீங்க யாராச்சும் இதுவரைக்கும் அதைப் பத்திக் கருத்து சொன்னீங்களா?"

என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். நெஞ்சு வரை வந்து நின்றது. "இதுக்கு மேல போகாது. இந்த வண்டியில இதுக்கு மேல போக வேண்டியதில்ல. சாவி யார்ட்ட இருக்கு?"

கொழுந்தன் சட்டைப் பையில் கைவைத்துக்கொண்டு நின்றான். "அண்ணன் திட்டும் மதினி" என்றான்.

"அண்ணனை நான் பாத்துக்கிறேன். நீ ஏறு. அந்தப் பக்கம்."

கொடுத்தான். எட்டுப் பேர் பார்க்க டிரைவர் சீட்டில் ஏறினேன். முன்னால் ஒரு வேன், பின்னால் தேங்காய் ஏற்றிய ஒரு லாரி. இடைவெளி கொஞ்சம்தான். மணிக்கட்டைச் சாய்த்தேன். ஒரு தடவை பின்னால், ஒரு தடவை முன்னால். வண்டி வெளியே வந்து ரோட்டில் நேராக நின்றது. கொழுந்தன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெறுங்கையால் ஒன்றரைச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். காலால் இல்லாத பிரேக்கை மிதித்தான்.

"ஸ்டியரிங்கையே திருப்பாம வண்டி திரும்புது. பாக்கவே பயமா இருக்கு மதினி" என்றான்.

"நீ ரோட்டைப் பாரு. என் கையைப் பாக்காத."

நேராக அகரம் கோவிலுக்குத்தான் போனேன். அதே வேப்பமரம், பெயர்ந்த மேடை. அறுந்த மாலையின் பூக்கள்கூட அங்கேயே கிடந்தன. மெதுவாக விட்டேன். பாதிச் சுற்று. கை வைத்த இடத்திலேயே இருந்தது. வண்டி மரத்தை ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டு கோவில் வாசலில் வந்து நின்றது. பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

இறங்கி, "இப்ப நீ எடு" என்றேன். அவன் மாட்டேன் என்றான். நான் விடவில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கணக்கு வராது என்று அழுகிறவனைப் பலகைக்குக் கூட்டி வருகிற பழக்கம் எனக்கு உண்டு. ஏறினான். "கையை எடுக்காத. பாதிச் சுற்று. போதும், போதும்! அப்படியே விடு." மரத்தைச் சுற்றி வந்து நிறுத்தினான். எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, பெயர்ந்த மேடையைப் பார்த்தான்.

"வேன்னு நெனச்சுச் சுத்திட்டேன்" என்றான் கடைசியில், மிக மெதுவாக. "எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்கள்ல. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தோணல."

"அதை உங்க அண்ணன்ட்ட சொல்லு."

அங்கேயே போன் போட்டான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அண்ணே, வண்டி இருக்கட்டும்ணே. மதினிக்குக் கை பழகிருச்சு" என்றான். அவ்வளவுதான். தன் தப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. என் கை பழகவில்லையடா, என் கைக்குப் பழகின வண்டி இது என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டேன். மேடையில் இடித்தது யார் என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தால், இன்றைக்கும் அவன் பேச்சை மாற்றுவான். இன்றைக்கும் நான் விடாமல் கேட்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விண்ணப்பத்தை எடுத்தேன். என் வீட்டுக்காரர் பேனாவைத் தேடினார். "பேனா வேண்டாங்க. எட்டு வருசத்துல நானே ரிட்டயர் ஆயிருவேன், இதுக்கு அவசியமே இருக்காது" என்று சொல்லி, நாலாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. எங்கே வைத்தார் என்று நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் கிளம்பியபோது மட்டும், கேட்டைத் திறந்துவிட்டு, "வேகத்துல பதறிராத" என்றார்.

இப்போது ஒரு வருடம் ஆகப் போகிறது. காலை ஏழே முக்காலுக்கு வேன் ஸ்டாண்டைத் தாண்டுவேன். டிரைவர்களுக்குக் கருத்து குறையவில்லை. என் ஸ்டியரிங்கைப் பற்றி மீசைக்காரர் யாருக்காவது விளக்கிக்கொண்டேதான் இருப்பார். லோடு இறக்கிக்கொண்டிருக்கிற கொழுந்தன் காரைப் பார்த்ததும் தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்டுவான். எனக்கு அவ்வளவு உயரம் கை போகாது. இருக்கிற இடத்தில் இருந்தே ஹாரனை ஓர் அழுத்து அழுத்துவேன். அது ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்.